பூசைக்குப் போன அம்புமுனை

இன்றுவரை நான் ஒரு மானையும் அடித்ததில்லை. ஆனால் மானை எந்த அம்புமுனையால் அடிக்க வேண்டும் என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், அவர் எழுந்து போகும்வரை பேசுவேன். எட்டு மாதம் அதை மட்டுமே படித்தவன் நான். அந்த எட்டு மாதத்தில் மகளுக்குப் பல்கலைக்கழகம் தேடியதும், குசினிக் கூரை ஒழுக்கை அடைப்பித்ததும் என் மனைவி தனியாகச் செய்த வேலைகள்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எனக்கு ஒரு கண்ணாடிக்கடை இருக்கிறது. கண் பரிசோதிப்பது தொழில். கடைசி வரி எழுத்துத் தெரியாமல் தடுமாறுகிறவர்களிடம் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது ஒரே வசனத்தைச் சொல்வேன். "தெரியாட்டித் தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ. குத்துமதிப்பாச் சொல்லாதேங்கோ." இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு வாத்தியார்த்தனம் வரும் என்று மனைவி சொல்வாள்.

ஐம்பது வயதில் சீனி வருத்தம் எட்டிப் பார்த்தபோது, ஏதாவது விளையாடும்படி டாக்டர் சொன்னார். ஓடவும் கூடாது, வியர்க்கவும் கூடாது, அப்படி என்ன விளையாட்டு இருக்கிறது என்று தேடி வில்வித்தைக் கிளப்பில் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்துக்குள் அம்பு விழத் தொடங்கியது. அந்தப் படத்தைக் கனடாவிலுள்ள மனைவியின் அண்ணனுக்கு அனுப்பியதுதான் நான் செய்த முதல் பிழை. என் வயதுக்காரன், ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம், என்னில் உயிர், பல வருடமாக வில்லால் மான் வேட்டையாடுகிறவன். படத்தைப் பார்த்ததும் என்னையும் வேட்டைக்கு வா என்றான்.

இங்கே வில்லால் மானை அடிப்பது சட்டப்படி குற்றம். அங்கே குற்றமில்லை, பரீட்சை எழுதி அனுமதி எடுத்தால் போதும். பரீட்சையில் நான் சித்தியடைந்ததும் அவன் போனில் ஒன்றை மட்டும் சொன்னான். "வா மச்சான், அடிப்பம். ஆனா காயப்பட்ட மான் பத்தைக்குள்ள போய்க் கிடந்து ரண்டு நாள் சாகும். நான் இண்டைவரைக்கும் ஒண்டையும் அப்பிடி விட்டதில்லை. அது மட்டும் உன்னாலை நடக்கப்படாது."

எனக்கு நித்திரை போய்விட்டது. கோழி உரிக்கும் இடத்தில் மறுபக்கம் திரும்பி நிற்கிற ஆள் நான். பத்தைக்குள் இரண்டு நாள் கிடந்து சாகும் மான் ஒன்று என் தலைக்குள் வந்து குடியேறியது. அதைக் காப்பாற்ற ஒரே வழி சரியான முனையைத் தெரிவு செய்வதுதான் என்று நான் முடிவு கட்டினேன்.

வேட்டை அம்பின் நுனியில் பூட்டும் அகன்ற முனைக்கு ப்ரோட்ஹெட் என்று பெயர். பட்டதும் விரிகிற அலகு உள்ளது ஒரு வகை, விரியாமல் மடியாமல் அப்படியே நிற்கிற அலகு உள்ளது இன்னொரு வகை. விரிவது விரியாமல் போனால் என்ன செய்வது? ஆகவே நிற்கிற அலகுதான். பிறகு இரண்டு அலகா, மூன்றா? இரண்டு என்றால் ஆழப் போகும், மூன்று என்றால் காயம் அகலம், இரத்தத் தடம் தெளிவு. ஒரே வார்ப்பா, அலகு மாற்றக்கூடியதா? கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். கூர்மை பார்க்க என் இடதுகை மயிரை மழித்து மழித்து முழங்கைக்குக் கீழே மொட்டையானது. கடைக்கு வந்த ஒரு அம்மா, "தம்பி, கையில என்ன சொறியோ?" என்று கேட்டார்.

கடைசியில் நான் தெரிவு செய்தது கொப்பியில் இருந்த எந்தக் காரணத்துக்காகவும் அல்ல. இரண்டு அலகு, இலை வடிவம், பார்த்தால் அச்சொட்டாக முருகனின் வேல். மூன்று முனைகள் அடங்கிய பெட்டி வந்து சேர்ந்த அன்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

இப்படியொரு பொருள் கையில் இருந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதை நானும் செய்தேன். புதுக்காரையே கோயிலுக்குக் கொண்டுபோகிறோம், இதைக் கொண்டுபோகாமல் விடுவதா? திருவிழாக் காலத்தில் வேட்டைத் திருவிழா என்று ஒரு நாள் உண்டு, அன்றைக்குச் சுவாமியே வேட்டைக்குப் போய்வருவார். அவரே போகும்போது எனக்கென்ன என்று நியாயமும் கண்டுபிடித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இடியப்பப் பெட்டிக்குள் முனைகளை வைத்து, கிங்ஸ் குரொஸில் ரயில் மாறி, ஆர்ச்வே முருகனிடம் போனேன். பொலிஸ் மறித்தால் சாமி விஷயம் என்பதா மான் விஷயம் என்பதா என்று வழி நெடுகப் பயம்.

ஐயர் பெட்டியைத் திறந்து பார்த்து, "இதென்ன?" என்றார்.

"சின்ன வேல், ஐயா" என்றேன். முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது.

அவர் மூன்றையும் தட்டில் அடுக்கி, உள்ளே கொண்டுபோய் சுவாமியின் காலடியில் வைத்து, என் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்து, சந்தனமும் குங்குமமும் பூசித் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்து பெருமையோடு மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே மூச்சில் கேட்டாள்.

"சாமியின்ரை காலடியில வைச்சதைக் கொண்டுபோய் ரத்தத்தில தோய்க்கப் போறியளோ?"

எட்டு மாத ஆராய்ச்சியில் இந்தக் கேள்வி மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. மூன்று முனையும் சாமியறைக்குப் போயின. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. எங்கள் வீட்டிலேயே கூரான பொருள் கற்பூரப் பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா படுத்திருக்கிறது.

நான் வில்லோடு மட்டும் கனடா போனேன். மச்சான் தன் பழைய முனைகளைத் தந்தான். மூன்று அலகு, தானே தீட்டியவை. அவனுடைய வளவில் ரப்பர் மான் ஒன்று நின்றது, அதன் நெஞ்சில் கடதாசித் தட்டு ஒட்டியிருந்தது. இருபது நடை தூரத்தில் நின்று முதல் அம்பை விட்டேன். தட்டுக்கு ஒரு சாண் இடப்பக்கம், வயிற்றில் போய்க் குத்தியது. அடுத்ததும் அங்கேயே.

"இப்பிடி முனை போட்டு எத்தினை தரம் அடிச்சுப் பழகினனி?"

"கிளப்பில இதைப் போட்டு அடிக்க விடமாட்டினம்."

"அப்ப எட்டு மாசமா என்ன செய்தனி?"

"தெரிவு செய்தனான்" என்றேன்.

நிற்கிற அலகு காற்றைப் பிடிக்கும், வில்லில் சிறு கோணல் இருந்தாலும் அம்பைத் தன் பக்கம் இழுக்கும் என்று என் கொப்பியில் சிவப்பில் கோடிட்டு எழுதியிருந்தேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள். இரண்டு நாள் அவன் வில்லைத் திருத்த, நான் கை வீங்க அடித்தேன். பதினைந்து நடையில் ஐந்துக்கு ஐந்து தட்டுக்குள் விழுந்தது. அதற்கப்பால் அம்பு தன் பாட்டுக்குப் போனது.

"பதினைஞ்சு. அதுக்கு மேலை ஒரு அடி எண்டாலும் விடப்படாது" என்றான். ஓம் என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை. காட்டில் அவன் தள்ளி ஒரு மரத்திலும், நான் இன்னொரு மரத்திலும் ஏறிக் காத்திருந்தோம். ஒரு ஆண் மான் வந்து, பக்கவாட்டில், நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றது. பதினைந்து இருக்குமா? இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இல்லை என்று உள்ளுக்குள் தெரியும். ஆனால் எட்டு மாதம், விமானம், இடதுகை மொட்டை எல்லாம் சேர்ந்து நாணை இழுத்தன. விட்டேன். மான் ஒரு துள்ளுத் துள்ளி மறைந்தது.

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. மச்சான் வந்து என் மரத்தடியிலிருந்து மான் நின்ற குளம்புத் தடம் வரைக்கும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தான். பதினைந்தில் நிற்பான் என்று வேண்டினேன். இருபத்தாறில் நின்றான். அதற்கப்பால் சேற்றில் குத்தி நின்ற அம்பைப் பிடுங்கி, வெள்ளை டிஷ்யூவால் துடைத்து, இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு மான் ஓடிய வழியில் குனிந்து குனிந்து வெகுதூரம் தேடிவிட்டு வந்தான்.

"ரத்தமில்லை. ஒரு மயிர்கூட இல்லை. மானிலை படேல்லை" என்றான்.

மரத்திலிருந்து இறங்கி, ஈர இலைகளில் அப்படியே குந்திவிட்டேன். அழுகை வந்தது.

"பதினைஞ்செண்டு கண்ணுக்குத் தெரிஞ்சதோ?"

"இல்லை" என்றேன். "குத்துமதிப்பா விட்டனான்."

அவன் அம்பிலிருந்து முனையைக் கழற்றித் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டான். "அடுத்த முறை கமரா கொண்டு வா, மச்சான்."

லண்டன் திரும்பி மறுநாள் கடையைத் திறந்தேன். முதலில் வந்தது, என் கையில் சொறியா என்று கேட்ட அதே அம்மா. கடைசி வரியைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"இது எஃப் ஆக்கும். இல்லை, பி ஆக்கும்."

வழக்கமான வசனத்துக்காக வாயைத் திறந்தேன். வரவில்லை.

"ஆறுதலாப் பாருங்கோ அம்மா" என்றேன்.