இடம் மாறிய மைப்பொட்டு

இன்று தொழிற்சாலைகள் நிற்கும் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் அன்று எங்கள் கேழ்வரகுக் கொல்லை இருந்தது. ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்த காலம். எனக்கு எட்டு வயது.

ஊத்தங்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, ஒன்றரை வயதுப் பையனோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பஸ் ஹாரன் கேட்டால் திரும்புவான். வண்டிச் சக்கரத்தை விடாமல் பார்ப்பான். தூக்கிக் கொஞ்சுகிறவரின் கண்ணை மட்டும் தவிர்த்துவிடுவான். புகுந்த வீட்டில் அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று அனுப்பியவர்கள், திரும்ப அழைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தையின் வீட்டுக்காரர், மாமா, வருவதாகத் தகவல் வந்தது. பையன் ஏறிட்டுப் பார்த்தால் அழைத்துப் போவார். இல்லையென்றால் என்ன என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சித்தப்பா பொறுப்பெடுத்துக்கொண்டார். வேலையைவிட வேடிக்கையில் கெட்டிக்காரர். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "மாமன் எங்க? மாமனைக் காணமே" என்பார். சட்டென்று விலக்கி, "தோ, வந்துட்டான்" என்பார். பையன் துண்டின் சிவப்புக் கரையைப் பார்ப்பான். கன்னடத்தில் கூப்பிட்டார். தெலுங்கிலும் கூப்பிட்டார்.

"மூணு பாஷையிலயும் பாக்க மாட்டேங்கறான். வுட்றா" என்றாள் அத்தை.

"இரு அக்கா, உருது பாக்கியிருக்குது" என்றார் சித்தப்பா.

குளிப்பாட்டியதும் அத்தை பையனின் கன்னத்தில் பெரிதாக மைப்பொட்டு வைப்பாள். ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்டேன்.

"பாக்கறவங்க கண்ணு மொதல்ல அது மேல போவட்டும்னுதான்."

எனக்குச் சந்தேகம் வந்தது. ஊரார் அவனைப் பார்ப்பதில் குறையே இல்லை. அவன் பார்க்காததுதான் குறை. அப்படியானால் பொட்டு தப்பான ஆள் மேல் இருக்கிறது.

கொட்டாங்குச்சியிலிருந்து மையைத் தொட்டு என் மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன். பார்த்தான். கை நீட்டித் தொட்டான். பொட்டைப் புருவங்களுக்கு நடுவே ஏற்றினேன். விரல் அங்கேயும் வந்தது. பார்வை வழுக்கி என் கண்ணில் விழுந்தது, உடனே விலகியது, மறுபடி வந்தது.

சனிக்கிழமைக்குள் வீட்டில் எல்லார் முகத்திலும் மை. பால்காரர் வாசலில் நின்று, "வீட்டோட நாடகத்துல சேந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கிருஷ்ணகிரியில் பஸ் மாறி மத்தியானம் வந்தார். வெள்ளைச் சட்டை. மோரை வாங்கிக் குடித்தார். சித்தப்பா பையனை அவர் மடியில் வைத்தார். அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். பொத்தானை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். உள்கதவைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள்.

நான் ஓடிப்போய் மையைத் தொட்டு வந்து மாமாவின் புருவ நடுவில் வைத்தேன்.

"யார் மேல கை வெக்கற?" என்று அப்பா அதட்டினார்.

"அசையாதீங்க மாமா. கொஞ்ச நேரந்தான்" என்றார் சித்தப்பா.

மாமா அசையவில்லை. பையனின் தலை பொத்தானிலிருந்து மெல்ல நிமிர்ந்தது. பொட்டைத் தொட்டான். விரலில் ஒட்டிய மையைப் பார்த்தான். பிறகு அவர் கண்ணைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சிரித்தான்.

மாமா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கும் இந்த ஆட்டம் தெரியும் என்று எனக்குச் சந்தோஷம்.

"அப்பா எங்க? அப்பாவைக் காணமே" என்று அவருக்குப் பதிலாக நானே சொன்னேன்.

பையன் துண்டைப் பார்த்துக் காத்திருந்தான். துண்டு விலகவில்லை. மாமாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே அத்தை தகரப்பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம் ஒளிந்திருந்தால் குழந்தைக்கு அலுத்துவிடாதா, ஆட்டம் சரியாகத் தெரியாத மனிதர் என்று எண்ணி, துண்டை இழுக்கக் கை நீட்டினேன்.

சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.