அரை நூல்

சூடாமணி அக்காவிடம் ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் "எம்புட்டு?" என்று கேட்டுவிடுவார். வெயில் கூடிப்போச்சு என்றால் எம்புட்டு, பஸ் தாமதம் என்றால் எம்புட்டு. எங்கள் மதுரையில் வழி கேட்டால் "இந்தா, பக்கத்துலதான்" என்று கையை நீட்டி இரண்டு மைல் நடக்க விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து ஒட்டியதோ தெரியாது. கேட்கிறவர் நிம்மதியாக இருந்தார். பதில் சொல்ல வேண்டிய நாங்கள்தான் முழித்தோம்.

மகால் தெருப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் தறி, வாயில் அவர்கள் பாஷை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு எங்கள் ஆபீசில் கிளார்க்காக வந்து சேர்ந்தார். நான் செக்கானூரணிக்காரன், பெயர் காசிமாயன். அவருக்குப் பக்கத்து மேஜை. என்னைத் தம்பி என்பார், நானும் வாய் நிறைய அக்கா என்பேன்.

ஆபீசுக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. காலையில் ஆறேழு பேர் ஆடுவோம். அக்கா தன் அண்ணன் காலேஜில் ஆடிய பழைய பேட்டைத் தூக்கிக்கொண்டு, முந்தானையை இறுக்கிச் செருகி, கான்வாஸ் ஷூவோடு வருவார். ஆட வரும் பெண் அவர் ஒருவர்தான். அவரிடம் தோற்காத ஆண்கள் எங்களில் குறைவு. நானெல்லாம் கணக்கே வைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் வெளியூர்ப் போட்டி என்று வந்தால் டீமில் அவர் பெயர் இருந்ததே இல்லை. வருஷா வருஷம் ஸ்டேஷன் வரை வந்து எங்களுக்குக் கையசைத்துவிட்டுத் திரும்பிப் போவார்.

கேப்டன் வெள்ளைத்துரை அண்ணன். எங்கள் செக்‌ஷன் தலைவரும் அவர்தான். உசிலம்பட்டி உடம்பு, ஆள் நல்லவர், குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். அவர் சர்வீஸ் போட்டால் வேட்டுப் போட்ட மாதிரி சத்தம் வரும், வேப்பமரத்துக் காக்கா எல்லாம் பறந்துவிடும். "நூறு மைல்டா மாப்ள" என்று நாங்களே சொல்லிச் சொல்லி, அது மணிக்கு நூறு மைல் என்றே ஆகிப்போனது. அளந்தது யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. வெளிநாட்டுக்காரர்களின் வேகத்தைப் பேப்பரில் படித்துவிட்டு, சத்தத்தை வைத்து நாங்களாகப் போட்ட கணக்கு அது.

எண்பத்தொன்றில் திருச்சியில் ஆபீசுகளுக்கு இடையே போட்டி வந்தது. நான்கு பேர் போக வேண்டும். நான்காவது ஆள் மாற்றலாகிப் போய்விட்டான். பெண்கள் ஆடக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. அக்கா நேராக வெள்ளைத்துரை அண்ணனிடம் போய், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டார்.

அண்ணன் சங்கடப்பட்டார். பிறகு, "ஆட்டமெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. சர்வீஸு மெதுவா வருதே" என்றார்.

"எம்புட்டு மெதுவாண்ணே?"

அண்ணன் எங்களை ஒரு பார்வை பார்த்தார். சுற்றி நாங்கள் நிற்கிறோம், கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? எண்பது மைல் போட்டுக் காட்டு, நீதான் நாலாவது ஆள் என்று சொல்லிவிட்டார். அளக்க முடியாது என்ற தைரியம் அவருக்கு. அக்காவோ அன்று முழுக்க ஃபைல் பார்க்கவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தார். சாயங்காலம் என்னிடம் வந்து, "தம்பி, ஒங்க டேப் ரிக்கார்டர் வேணும்" என்றார்.

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்பூல் ரிக்கார்டர் அது. பெற்ற பிள்ளையைக்கூடக் கேட்டால் கொடுப்பேன், அதைக் கொடுக்க மாட்டேன். ஆனால் அக்கா விளக்கிய விதத்தில் எனக்கே ஆசை வந்துவிட்டது. ரிக்கார்டரில் டேப் விநாடிக்கு மூன்றேமுக்கால் அங்குலம் ஓடும். பேட்டில் பந்து படும் சத்தம் ஒன்று. வலைக்கு மேலே ஒரு தகரத்தைத் தொங்கவிட்டால் அதில் பந்து படும் சத்தம் இன்னொன்று. இரண்டும் டேப்பில் விழும். பிறகு ஸ்பூலைக் கையால் மெல்ல உருட்டி, இரண்டு சத்தமும் விழுந்த இடங்களில் பேனாவால் புள்ளி வைத்து, நடுவே உள்ள நீளத்தை அளந்தால் போதும். பந்து எவ்வளவு வேகமோ, நீளம் அவ்வளவு குறைவு. நூறு மைல் என்றால் சரியாக ஒரு அங்குலம். எண்பது என்றால் ஒன்றேகால், அதாவது தச்சர் கணக்கில் ஒரு அங்குலம் இரண்டு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம். தறிக்காரர் வீட்டில் நூல் என்றால் வேறு என்று சொல்லி அக்கா சிரித்தார்.

ஆரப்பாளையத்துப் பழைய இரும்புக் கடையில் தகரம் வாங்கி, இரண்டு சவுக்குக் கம்பில் கட்டினோம். இரண்டு சத்தமும் வந்து சேர ஒரே நேரம் எடுக்கட்டும் என்று, ரிக்கார்டரைச் சர்வீஸ் போடும் கோட்டுக்கும் தகரத்துக்கும் சரிபாதியில் வைக்கச் சொன்னார். கோர்ட்டில் பிளக் கிடையாது, பேட்டரிக் கட்டைதான். என் கட்டைகள் செத்துக் கிடந்தன. அக்கா அவற்றைத் தன் வீட்டு மொட்டை மாடியில் அப்பளத்தோடு காயவைத்து எடுத்து வந்திருந்தார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதே வைத்தியம்தான்.

"தம்பி, ரெடியா?" என்று கேட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தார். பாதிப் பந்துகள் தகரத்தில் படவில்லை. பட்டதில் சிறந்ததை ஸ்கேல் வைத்து அளந்தோம். ஒரு அங்குலம் ஒரு நூல். கணக்குப் போட்டால் எண்பத்தொன்பது மைல். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைத்துரை அண்ணன் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சொன்ன சொல் மாறாத மனிதர். அங்கேயே, நாலாவது ஆள் சூடாமணி என்று அறிவித்துவிட்டார். அக்கா அன்று ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

திருச்சிக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து. மேளச் சத்தத்தைப் பிடிக்கலாம் என்று புதுக் கட்டை வாங்கிப் போட்டு, ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். உள்ளே பழைய டேப்தான் இருந்தது. "தம்பி, ரெடியா?" என்று அக்கா குரல் வந்தது. ஆனால் அது அக்கா குரலாக இல்லை. பால்வாடிப் பிள்ளை மாதிரி கீச்சென்று இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தார். திடீரென்று நிறுத்திக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். அதைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது.

நோஞ்சான் கட்டையில் டேப் மெதுவாக ஊர்ந்திருக்கிறது. ஓட வேண்டிய தூரம் ஓடவில்லை. அதனால் இரண்டு புள்ளிகளும் கிட்டக்கிட்ட விழுந்திருக்கின்றன. நீளம் குறைந்தால் வேகம் கூடத்தானே காட்டும்? அன்று அதே கட்டையில் கேட்டதால் குரல் சரியாகக் கேட்டது. புதுக் கட்டை ஒழுங்கான வேகத்தில் ஓட்டியதும் குட்டு உடைந்தது.

நம் இரண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும், கம்மென்று இருங்கள் என்று நான் கெஞ்சினேன். கையில் கிடைத்ததை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா? எனக்குக் கோபமே வந்தது. அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. "அப்ப நிசமா எம்புட்டு தம்பி? அதத் தெரிஞ்சுக்கிடாம எப்பிடித் தூங்குறது?" என்றார்.

அன்று சாயங்காலமே புதுக் கட்டையோடு அளந்தோம். ஒரு அங்குலம் மூன்று நூல். எழுபத்து மூன்று மைல். எத்தனை தடவை அடித்தும் அதற்குமேல் ஏறவில்லை. அக்கா டேப்பைக் கையில் பிடித்தபடி வெள்ளைத்துரை அண்ணனிடம் போனார். கட்டை விஷயம், குரல் விஷயம் எல்லாவற்றையும் சொல்லி, எண்பது இல்லை, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். திரும்பிப் போகப் போனவர் நின்று, "அண்ணே, தகரம் தொங்குது, கட்டையும் புதுசு. நீங்களும் ஒண்ணு அடிச்சுப் பாருங்களேன்" என்றார். அதில் குத்தல் இல்லை, சத்தியமாக ஆசைதான். நூறு மைல் டேப்பில் எப்படி விழும் என்று பார்க்க அவருக்கு அத்தனை ஆசை.

அண்ணன் பேட்டை எடுத்தார். "ஏலே காசி, நல்லாப் புடிச்சுக்க" என்று ரிக்கார்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடித்தார். காக்காய்கள் பறந்தன. தகரம் கம்பை விட்டே எகிறிவிடும் போல இருந்தது. மறுபடி அடித்தார், வேர்த்து வழிய அடித்தார். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அக்கா ஸ்பூலை உருட்டிப் புள்ளி வைத்தார். சிறந்தது ஒரு அங்குலம் இரண்டரை நூல். எழுபத்தாறு மைல்.

அண்ணன் மெல்ல, கட்டை புதுசுதானா என்று கேட்டார். நான் டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டேன். "ஏலே காசி, நல்லாப் புடிச்சுக்க" என்று அதே கட்டைக் குரல், ஒரு இம்மியும் கீச்சிடாமல் வந்தது. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு சிரித்தார். எண்பது என்று கோடு போட்டது நான்தான், அதை நானே தாண்டவில்லை என்றார்.

"நாளைக்கழிச்சுக் காலையில ரயிலுக்கு நேரத்தோட வந்துரும்மா" என்று எழுந்தார்.

அக்கா தலையை ஆட்டினார். சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்ததும் தூணில் சாய்ந்துகொண்டு அழுதார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதுதான் டீமில் சேர்த்தாகிவிட்டதே, பிறகு எதற்கு அழுகை என்று கேட்டேன்.

அவர் கையில் அந்த டேப் இருந்தது. "அண்ணனுக்கும் எனக்கும் அரை நூலு தம்பி" என்றார். "இத்தன வருசமா என்னைய ஸ்டேஷனோட நிப்பாட்டுனது இந்த அரை நூலுதான்."