படகுச் சங்கீதத்தின் பழைய எண்

குப்பை என்று நினைத்துத்தான் அழித்தேன். அழித்த கையோடு, "தேவையில்லாத குப்பை நீக்கப்பட்டது" என்று உலகம் முழுக்கப் பார்க்கும்படி ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். முட்டாள்தனத்தை ஒளித்துச் செய்பவர்கள் உண்டு. நான் பெயர் போட்டுச் செய்கிறவன்.

எங்கள் கடற்கரை ஊரான கண்டக்குழியில், பட்டத்தைப் பூட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. மிச்ச நேரத்தில், வேதாகமம் படிப்பதற்கான ஓர் இலவச மென்பொருளுக்கு நிரல் எழுதுகிறேன். அது யாருக்கும் தனிச் சொத்தில்லை. எவரும் உள்ளே புகுந்து பார்க்கலாம், திருத்தலாம். பொறுப்பாளர் ஒத்துக்கொண்டால் அந்தத் திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரும். பொறுப்பாளர் ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர், முகம் கண்டதில்லை. தமிழ்ப் பகுதியை என்னை நம்பி விட்டிருந்தார், பாவம்.

அந்தப் பகுதிக்குள் ஒரு நீண்ட அட்டவணை கிடந்தது. சங்கீதங்கள் என்னும் வேதாகமப் பாட்டுகளின் எண்களை வேறு எண்களாக மாற்றும் அட்டவணை. எவனோ எண்ணத் தெரியாதவன் எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டி, முழுவதையும் தூக்கினேன். மென்பொருள் மெலிந்து அழகாகிவிட்டது. பொறுப்பாளரும் தமிழ் தெரியாத தைரியத்தில் சரி என்றார்.

என் அக்கா மறையாசிரியை. ஃபாதர் வர முடியாத ஞாயிறுகளில் உச்சமுனைத் தீவுக்குப் போட்டில் போய் வழிபாடு நடத்துகிறவள். எந்த நாளுக்கு எந்த வாசகம், எந்தச் சாவுக்கு எந்தச் சங்கீதம் என்று பல வருடக் குறிப்புகளை அந்த மென்பொருளில்தான் சேர்த்திருந்தாள். தீவுத் தாய்மாரும் தங்கள் பழைய போன்களில் அந்தக் குறிப்புகள் அடங்கிய கோப்பை வாங்கி வைத்திருந்தார்கள். அக்காவின் பழைய போன் களப்பின் உப்புத் தண்ணீரைக் குடித்துச் செத்துப்போக, இத்தாலியில் இருக்கும் மகள் புதுப் போன் அனுப்பினாள். பழைய பதிப்பு அதில் ஏற மறுத்தது. நான் பெருமையோடு என் மெலிந்த பதிப்பை ஏற்றி, கோப்பையும் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த நாள் மாமா ஒருவரின் புதுப் போட்டை மந்திரிக்கும் சடங்கு. ஃபாதர் தீர்த்தம் தெளிக்க, அக்கா போனில் "போட்" என்று குறித்திருந்த இடத்தைத் தொட்டு வாசிக்கத் தொடங்கினாள். கடலில் புயலில் அகப்பட்டவர்களைக் கரை சேர்க்கும் சங்கீதம் வரவேண்டும். வந்தது முன்னோர் செய்த பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழும் சங்கீதம். இறைவார்த்தையைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பது அக்காவின் கொள்கை. முழுவதையும் வாசித்தாள். அது சின்னச் சங்கீதமும் இல்லை. வெயிலில் நின்ற சனம் ஒவ்வொரு பாவத்துக்கும் மாமாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

முடிந்ததும் மாமா சொன்னார்: "பிள்ளை, போட்டை மந்திரிக்கச் சொன்னா எங்கட குடும்பத்தையே பாவசங்கீர்த்தனம் செய்ய வச்சிட்டியே!"

"நான் இல்ல மாமா," என்று அக்கா என்னைக் கை காட்டினாள். "இந்தா நிக்கிறான், கம்ப்யூட்டர் படிச்சவன்."

ஃபாதர் சிரிப்பை அடக்கியபடி விளக்கினார். எங்கள் பழைய கத்தோலிக்க வேதாகமத்தில் சங்கீதங்களின் எண் பெரும்பாலும் ஒன்று குறைவு. அதில் நூற்றாறு என்பது இப்போதைய புத்தகத்தில் நூற்றேழு. அக்காவின் குறிப்புகள் பழைய எண்ணில். நான் அழித்த "குப்பை" அந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற பாலம். பீடத்தில் மணி அடித்து வளர்ந்தவன் நான். மணியை மட்டும்தான் கவனித்திருக்கிறேன் போல.

"வாற ஞாயிறு உச்சமுனையில பிள்ளையளுக்கு முதல் நன்மை," என்றாள் அக்கா. "கொழும்பில இருந்தெல்லாம் சொந்தக்காரர் வருவினம். அங்கயும் இப்படி வாசிச்சனெண்டா, பிறகு அந்தத் தீவில நான் கால் வைக்கேலாது. விளங்குதா?"

விளங்கியது. காற்று விழுந்து விருந்தாளிகள் கதிரைகளில் சாய்ந்து கிடந்த நேரமெல்லாம் நான் நிரலோடு மல்லுக்கட்டினேன். முதல் வைத்தியம் சுலபம்: எல்லா எண்ணிலும் ஒன்றைக் கூட்டு. என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்தத் திருநாளுக்கென்று அக்கா குறித்திருந்த கடைசிச் சங்கீதத்தைத் திறந்தேன். நூற்றைம்பதோடு ஒன்றைக் கூட்டிய மென்பொருள், இல்லாத சங்கீதத்தைத் தேடிப் போய் அப்படியே மூர்ச்சையாகிவிட்டது. தொடக்கத்தில் எட்டும் கடைசியில் மூன்றும் இரண்டு புத்தகத்திலும் ஒரே எண். நடுவில் சிலது ஒட்டியிருக்கும், சிலது பிரிந்திருக்கும். அந்த அட்டவணையை எழுதியவனுக்கு எண்ணத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

அட்டவணையைத் திரும்ப வைக்கக் கேட்டேன். பொறுப்பாளர் மறுத்தார். "பழைய கோப்புகளை ஒரே தடவையில் புது எண்ணுக்கு மாற்றிவிடு. பழையதை எத்தனை காலம் சுமப்பது?" என்று எழுதினார்.

நியாயம்தான். ஆனால் மாற்றிய கோப்பை, பழைய பதிப்பே ஓடும் தீவுத் தாய்மாரின் பழைய போன்கள் வாங்கினால், அங்கே எண்கள் மறுபக்கம் சறுக்கும். அவர்களுக்கும் புதுப் போன் வாங்கிக் கொடுக்க எனக்கு இத்தாலியில் மகள் இல்லை. ஆகவே கோப்பைத் தொடக்கூடாது. அது எந்த எண்ணில் பேசுகிறதோ அந்த எண்ணிலேயே புது மென்பொருள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இதை எழுதிவிட்டு, போட்டடியில் நடந்த கதையையும் ஒரு பாவம் விடாமல் எழுதினேன். கடைசியில், "அந்தப் பெண்ணின் வீட்டில்தான் நான் மத்தியானம் சாப்பிடுகிறேன்" என்றும் சேர்த்தேன்.

தர்க்கத்துக்கு மசியாத மனுஷன் சாப்பாட்டுக்கு மசிந்தார். மசிந்ததோடு நிற்கவில்லை. அக்காவின் சம்மதத்தோடு அவளுடைய கோப்பையே சோதனைக் கோப்பாக உள்ளே வைக்கச் சொன்னார். அதன் பிறகு, உலகின் எந்த மூலையில் எவர் இந்த மென்பொருளில் ஓர் எழுத்தை மாற்றினாலும், முதலில் எங்கள் அக்காவின் "போட்" குறிப்பு சரியான சங்கீதத்தில் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அந்த மாற்றம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்களின் வேலை கண்டக்குழி மாமாவின் போட்டில் முட்டித் திரும்புவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் சொந்த வேலையும் திரும்பியிருக்கிறது. அன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாளே திருத்திய பதிப்பை அக்காவின் போனில் ஏற்றினேன். மறுநாள் பின்னேரம் கரையில் காத்து நின்றேன். வலை காயப்போட்டவர்கள் கதை கொடுத்ததெல்லாம் என் காதில் ஏறவில்லை. தீவில் இருந்து வந்த போட் மணலில் ஏறியது. அக்கா செருப்பைக் கையில் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன அக்கா, சரியா வந்ததா?"

"ஓம். எல்லாம் வந்தது. தாய்மாரின்ட போனிலயும் அதே சங்கீதம்தான்."

அவ்வளவு போதும் எனக்கு. மணலில் அவளுக்குப் பின்னாலேயே நடந்து, சோதனைக் கோப்பின் கதையை மறுபடியும் கைகால் ஆட்டிச் சொன்னேன். இனி எந்த நாட்டு எஞ்சினியர் வந்தாலும் அவளுடைய குறிப்பைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், இது முழுக்க உன் தம்பி செய்த காரியம் என்றேன். அவள் நின்றாள். செருப்பைக் கீழே போட்டு, காலை நுழைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனி அதில கை வைக்காத."