சுடாத பாறை

என் நோய் முற்றியதற்கான முதல் அறிகுறியைப் பார்த்து நாலு பேர் கைதட்டினார்கள். நானும் குனிந்து கும்பிடு போட்டேன்.

செஞ்சியில் சித்திரைத் திருவிழா. ராஜகிரிக் கோட்டை மலைமேல் இருக்கும் கமலக்கண்ணி அம்மனைக் கும்பிட வெறுங்காலோடு ஏறினோம். என் சர்க்கரை நோய் குணமானதற்கு மனைவி செல்வி வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன். இறங்கும்போது உச்சி வெயில். செல்வி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிழலுக்கு நிழல் ஓடினாள். அவள் தம்பி பாபு ஒற்றைக்காலில் குதித்தான். நான் மட்டும் பாறை நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றேன்.

"இன்னாடா பாபு, கோட்டையைப் புடிக்க வந்தவனுங்ககூட இப்படிக் குதிச்சிருக்க மாட்டானுங்க."

பாபு அதை செல்போனில் வீடியோ பிடித்தான். வைட்டமின் சாப்பிடும் மாமாவின் கால் வலிமை என்று எழுதித் தன் வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

பாறை சுடவில்லை என்றால் கோளாறு பாறையில் இல்லை, காலில். திண்டிவனம் பஸ்ஸில் இருபது வருடம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். மீசை முளைத்த பையனுக்கு அரை டிக்கெட் கேட்டால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். என் கால் சொன்ன பொய்க்கு மட்டும் ஃபுல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன்.

இந்தக் கூத்து மாசியில் ஆரம்பித்தது. எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மெட்ஃபார்மின் (சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரை) இரண்டு வேளையும் போட்டுக்கொண்டிருந்தேன். பாபு ஒரு டப்பாவோடு வந்தான். ஆள் சேர்த்து விற்கும் வியாபாரம் அது. உள்ளே, தண்ணீரில் போட்டால் பொங்கும் வைட்டமின் சி வில்லைகள், வைட்டமின் ஈ குளிகைகள். ஆன்டிஆக்சிடன்ட் (செல்களை அரிக்கும் பொருள்களைத் தடுப்பது) என்ற வார்த்தையை அவன் வாய் கொள்ளாமல் சொன்னான்.

"இரும்பு துரு புடிக்குதுல்ல மாமா? சக்கரைக்காரங்க உடம்பு அப்படித்தான். இது துருவை எடுத்துடும்."

"அப்ப நம்ம பஸ்ஸுக்கும் ரெண்டு போடு. படிக்கட்டு ஓட்டையாயிடுச்சு."

சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். கூடவே ஒரு குப்பி இலவசம். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று காட்டும் காகிதப் பட்டைகள். நனைத்தால் நிறம் மாறும். மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. எனக்கு ஊசி என்றால் குலை நடுங்கும். விரலில் குத்த வேண்டாம் என்றதும் பாபு எனக்குக் கடவுளாகத் தெரிந்தான்.

வைட்டமினுக்கு முன்னால் சோதித்தோம், நிறம் மாறியது. காலையும் மாலையும் வில்லை போட்ட பிறகு சோதித்தோம், மாறவில்லை. பத்து நாளும் மாறவில்லை. மெட்ஃபார்மினை நிறுத்தினேன். மறுநாளும் மாறவில்லை. தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தேன். நானும் இரண்டு தின்றேன். செல்வி மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மலையிலிருந்து இறங்கிய அன்று சாயங்காலம் வீட்டுத் தரையில் ஈரக் கால்தடம்.

"காலைக் கழுவினா தொடச்சிட்டு வர மாட்டீங்களா?" என்றாள் செல்வி.

நான் கால் கழுவவே இல்லை. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், அது உடைந்து வடிந்துகொண்டிருந்தது. துளி வலி இல்லை. அப்போதாவது ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். நான் வைட்டமின் ஈ குளிகையைக் குண்டூசியால் குத்தி, அந்த எண்ணெயைப் புண்ணில் தடவினேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் கண்ணை மூடச் சொன்னார். நைலான் நூலால் காலைத் தொடுவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். நேரமாகிக்கொண்டே போனது.

"எப்ப மேடம் ஆரம்பிப்பீங்க?"

"பத்து இடம் தொட்டாச்சு," என்றார்.

அதற்குப் பெயர் நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு பழுதாகி உணர்ச்சி போவது). வருடக்கணக்கில் மெல்ல வந்திருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையிலும் அப்படியே. நான் சண்டைக்குப் போனேன். சிறுநீரில் சுத்தமாக இல்லையே, உங்கள் மிஷின்தான் சரியில்லை என்றேன்.

அங்கே லேப்பில் இருந்த பெண் கோபப்படவில்லை. "கூட இன்னா சாப்டீங்கண்ணா?" என்றாள். சொன்னேன். "அந்த வில்லை கையில இருக்குதா?"

இரண்டு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை சிட்டிகையாகக் குளுக்கோஸ் பொடி கரைத்தாள். ஒன்றில் மட்டும் என் வில்லையைப் போட்டாள், பொங்கி அடங்கியது. இரண்டிலும் பட்டையை நனைத்தாள். வில்லை போடாத டம்ளரில் நிறம் மாறியது. போட்டதில் மாறவில்லை.

"வைட்டமின் சி அதிகமா இருந்தா பட்டையில நிறம் ஏறாதுண்ணா. சக்கரை எங்கயும் போகல. அதைக் காட்டிக்குடுக்கிறவன் வாயைத்தான் பொத்தியிருக்குது."

நான் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டையைக் கூடவே கொடுத்த புண்ணியவான்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே கொடுத்தார்கள் என்று நிரூபிக்க என்னால் முடியாது. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

வைட்டமின் விஷம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. "கொய்யா சாப்பிடுங்க, நெல்லிக்காய் சாப்பிடுங்க. ஆனா இந்த வில்லை, சர்க்கரை மாத்திரைக்கு மாற்று இல்லை" என்றார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு, வலது கால் கட்டை விரலை எடுத்தாக வேண்டும், தாமதித்தால் பாதமே போகும் என்றார்.

எடுத்தார்கள்.

பாபு வார்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். வைட்டமின் சி அவனை விடுவதாயில்லை.

"அந்த வீடியோவை அழிடா."

"அப்பவே அழிச்சிட்டேன் மாமா." தலை குனிந்தபடி நின்றான். "ஆனா அது எங்கெங்கயோ போயிடுச்சு. அனந்தபுரத்துல ஒருத்தர் அதைப் பாத்துட்டு மாத்திரைய நிறுத்திட்டாராம்."

"அவர் வீடு தெரியுமா?"

"தெரியாது மாமா."

கட்டிலிலிருந்து எழ முடிந்திருந்தால் அன்றைக்கு ஒரு கொலை நடந்திருக்கும். பிறகுதான் கவனித்தேன், அவன் விரல் நுனியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவனும் அதே வில்லையைச் சாப்பிட்டவன். கீழே லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறான். அவனுக்கும் என்னைப் போலச் சர்க்கரை உண்டு. கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஆரஞ்சை உரித்தேன்.

அனந்தபுரத்து ஆளுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஐயா, உங்கள் பெயர் தெரியவில்லை. மாத்திரையைத் திரும்பப் போடுங்கள். விரலில் குத்தி ரத்தத்தைப் பாருங்கள். வலிக்கும். வலிப்பது நல்ல செய்தி.

இப்போது நான் பஸ்ஸில் ஏறுவதில்லை, ஸ்டாண்டில் உட்கார்ந்து நேரம் குறிக்கிறேன். தினமும் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து, யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போல உள்ளங்காலைப் பார்க்கிறேன். குளிக்கும் தண்ணீரில் முதலில் கையை விடுகிறேன். கால் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறது.

போன வாரம் அந்த வீடியோ எனக்கே வந்தது, யாரோ தூரத்து உறவினர் அனுப்பியிருந்தார். இருபது நொடிகூட இல்லை. ஒருவன் இடுப்பில் கைவைத்துப் பல்லைக் காட்டுகிறான். வலது கட்டை விரல் பாறையில் அழுந்தியிருக்கிறது. இறங்குடா என்கிறேன். அவன் கும்பிடு போடுகிறான்.