தும்மல் ஏசுஅடிமை

குழித்துறைக்கு மேற்கே எங்கள் ஊரில் ஏசுஅடிமை என்ற பெயரில் இரண்டு பேர். ஒருவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். மற்றவரைத் தும்மல் ஏசுஅடிமை என்று சொன்னால்தான் தெரியும். அவர் தும்முகிறவர் அல்ல. ஊர் என்றைக்குத் தும்மும் என்று சொல்கிறவர்.

தொழில் தேனீ வளர்ப்பு. காலையில் பெட்டி வாசலில் குந்தியிருந்து, திரும்பி வரும் ஈக்களின் பின்காலில் என்ன நிறப் பொடி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். வெளிர்மஞ்சள் என்றால் தென்னை. வேறு நிறம் என்றால் வேறு மரம். எங்கே பூ திறந்திருக்கிறது என்று தேன்காரருக்குத் தெரிய வேண்டும், சரி. அதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவர் அக்கா மகன் ஜெப்சன் ஒருநாள் போனில், அங்கே மழை நிலவரம் சொல்வதுபோலப் பூம்பொடி நிலவரமும் சொல்வார்கள், மூக்கடைப்பும் மூச்சிளைப்பும் உள்ளவர்கள் அதைக் கேட்டுத்தான் வெளியே இறங்குவார்கள் என்று சொல்லியிருக்கிறான். மனுஷனுக்கு அன்று இரவு உறக்கமில்லை. மறுநாள் காலை சபையின் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்தது. இன்றைக்குப் பூம்பொடி கூடுதல், இளைப்பு உள்ளவர்கள் கவனமாக இருக்கவும்.

ஈக்கு ஆஸ்துமா உண்டுமா என்று அவர் மனைவி செல்லபாய் கேட்டுப் பார்த்தாள். பயனில்லை. போனில் இதற்கென்று ஏதோ ஆப் இருக்கிறது என்று யாரோ காட்டியபோது, அந்த ஆப்புக்கு நம்ம ஊரில் எத்தனை தேன்பெட்டி இருக்கு என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். அவர் கூடுதல் என்று சொன்ன நாளில் நாலு பேர் தும்மினால் ஊர் பேசியது. தும்மாவிட்டால் யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டு தலை குனிந்து நின்ற அந்த நிற்பு இருக்கிறதே, மந்திரி கெட்டார்.

அவருக்கு எதிர்வீட்டு அஜிதா தையல்காரி. கணவன் மஸ்கட்டில். மகள் ஜெனிஷா நாலாம் வகுப்பு, பிறந்ததிலிருந்தே இளைப்பு. வாயில் வைத்து உறிஞ்சும் ஸ்பிரேயைப் பையில் பார்த்தாலே கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்வதால் அதைக் கொண்டுபோக மாட்டேன் என்று தினமும் அழுவாள். அஜிதா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஏசுஅடிமை கூடுதல் என்று சொன்னால் ஸ்பிரே பைக்குள் போகும். சுத்தம் என்று சொன்னால் வீட்டில் இருக்கும். இது அவருக்கும் தெரியும். தெரிந்து பெருமைப்பட்டார்.

மழை விட்டுப் பனி தொடங்கிய மாதம். அன்று காலை ஈக்கள் வெறுங்காலோடு திரும்பின. காற்று சுத்தம், பிள்ளைகளைத் தைரியமாக விளையாட விடுங்கள் என்று அறிவித்தார். ஜெனிஷா சிரித்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். விளையாட்டு மைதானத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் கதிர்விட்டு நின்றது. மத்தியானம் உதடு நீலம்பாய்ந்து மூச்சுக்குத் திணறிய பிள்ளையை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தப்பித்தது கடவுள் கிருபை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஏசுஅடிமை ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தாவில் டாக்டரைப் பிடித்து, என் ஈ இன்றைக்கு ஒன்றுமே கொண்டுவரவில்லையே என்று நியாயம் கேட்டார். டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பொறுமையாகவே சொன்னார். ஈயின் காலில் ஒட்டுகிற பொடி பசையுள்ளது, கனமானது, காற்றில் அதிகம் பறக்காது. மூச்சுக்குள் போவது புல்லும் அதுபோன்ற செடிகளும் காற்றில் விடுகிற நுண்ணிய தூள். அந்தச் செடிகளுக்கு ஈயின் தயவு வேண்டாம், ஈயும் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகாது. ஈயைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, பெரியவரே.

உள்ளே கட்டிலருகே அஜிதா இருந்தாள். முந்தின நாள் ஐஸ் வாங்கிக் கொடுத்தது தன் தப்புதான் என்று அவரிடமே சொல்லி அழுதாள். அவர் கொண்டுபோன பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டார். வரும் வழியெல்லாம் வெட்கத்தில் உடம்பு கூசியது என்று பிற்பாடு செல்லபாயிடம் சொல்லியிருக்கிறார். கூசட்டும். ஒரு வாய் வார்த்தை அங்கே சொல்லியிருக்கலாம்.

பிள்ளை வீடு திரும்பியதும் அஜிதா வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் ஏசுஅடிமை எழுந்தார். நான் ஒன்றும் அறியாதவன், பாவி, என் அறிவு குப்பை, என் பெருமையை ஆண்டவர் உடைத்தார் என்றார். ஆனால் சாட்சிக்கு எழுந்தால் எங்கள் ஊரில் யார்தான் இதைச் சொல்லாதவர்? புதுக்கார் வாங்கியவரும் தன்னைப் புழு என்றுதான் சொல்வார். உபதேசியார், எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்றார். அஜிதா அவருக்கு முதல் தட்டில் சாப்பாடு வைத்தாள். மாட்டிக்கொள்ளாத வார்த்தைகளாகத் தேடிப்பிடித்துச் சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் அவர் குரல் குழுவில் வரவில்லை. ஏன் நிலவரம் இல்லை என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். சீருடை போட்ட பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அஜிதாவே அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் பால் வாங்க அந்த வழியாகப் போனவன், அங்கேதான் நின்றிருந்தேன்.

"மாமா, இன்னைக்கு எப்பிடி? ஸ்பிரே வேணுமா?"

அவர் முற்றத்தில் இறங்கி வந்தார். எங்களை ஒரு தடவை பார்த்தார்.

"எனக்குத் தெரியாது மக்கா. ஈயைப் பாத்து அதச் சொல்ல முடியாதாம். டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. நீ ஐஸ் வாங்கிக் குடுத்ததுனால இல்ல. நான் சுத்தம்னு சொன்னதுனால."

இந்தத் தடவை அஜிதாவுக்கு அது தாழ்மையாகக் கேட்கவில்லை.

"தெரியாதுன்னா பின்ன எதுக்கு மாமா தினமும் சொன்னிய?"

அவர் பதிலைத் தேடவில்லை. அது ரொம்ப நாளாக அவரிடம் இருந்திருக்க வேண்டும்.

"கேக்கதுக்கு ஆளு இருந்துது மக்கா."

அவள் திட்டவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஸ்பிரேயை எடுத்துப் பைக்குள் வைத்து, ஜெனிஷா அழ அழத் தெருவில் இறக்கி நடத்திக்கொண்டு போனாள். அவர் முற்றத்தில் அப்படியே நின்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.