வலது கைக் காப்பு

டயாலிசிஸ் வார்டுக்குப் போகிறேன் என்று ஜோதி சொன்னபோது, அவளோடு நர்சிங் படித்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி சென்னையில் ஐசியுவுக்குப் போனாள். இன்னொருத்தி பரீட்சை எழுதி அரசு ஆஸ்பத்திரியில் தொகுப்பூதியத்துக்குச் சேர்ந்தாள். ரஞ்சன்குடிப் பக்கத்துக் கூலிக்காரர் மகள் ஜோதி மட்டும் அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாக டயாலிசிஸ் மெஷினோடு மல்லுக்கட்டினாள். சம்பளமா? வாயைத் திறந்து சொல்ல வெட்கம். ஆனால் அந்த அனுபவத்துக்குத்தான் குவைத்தில் கிராக்கி. அங்கே ஒரு மாதம் வாங்குவது இங்கே அரை வருஷச் சம்பளம். அன்று பதினொரு மணிக்கு போனிலேயே நேர்காணல். எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஏஜென்ட் அடித்துச் சொல்லியிருந்தான்.

அந்த நேரம் பார்த்தா ராசாங்கம் வந்து சேர வேண்டும்! சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவர்; இப்போது வழக்கமாக டயாலிசிஸுக்கு வருகிறவர். இடக்கைப் பழக்கம் என்பதால், டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்கான ரத்தக்குழாயை அவருக்கு வலது கையில் இணைத்துத் தைத்திருந்தார்கள். ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் அதே கையின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். கை வீங்கி, கயிறு சதைக்குள் புதைந்திருந்தது.

ஜோதி விரல் வைத்தாள். உள்ளே கிர்ரென்று ஓட வேண்டிய ரத்தம் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. மறு கையால் கத்திரியை எடுத்தாள்.

“அக்கா, இப்பவே அறுக்கணும். அடைச்சுக்கிட்டா இந்தக் கை அவ்வளவுதான்.”

“ஐயோ, வாணாம் சிஸ்டர்! தேர் ஓடி முடியாம காப்பை அறுத்தா அவரு உசுருக்கே ஆவாது,” என்று அவர் மனைவி சிந்தாமணி குறுக்கே வந்து நின்றாள்.

டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். வார்டில் வேறு நர்ஸும் இல்லை. ஜோதியின் பையில் போன் அடிக்கத் தொடங்கியது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? பாழாய்ப்போன கால் நகரவில்லை.

“இங்க காதை வைங்கக்கா. தெனம் கேப்பீங்கல்ல, அந்தச் சத்தம் வருதான்னு சொல்லுங்க.”

சிந்தாமணி குனிந்தாள். புருஷன் கையில் காதை வைத்து அந்த இரைச்சலைக் கேட்டால்தான் ராத்திரி அவளுக்குத் தூக்கமே வரும். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. போன் ஓய்ந்து, மறுபடி அடித்தது.

“கத்திரியைக் குடுங்க.”

சிந்தாமணியே வாங்கி அறுத்தாள். அறுந்த கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். “எந்தக் குத்தமா இருந்தாலும் என்னோட போவட்டும். அவரை வுட்டுடு, தாயே!”

ஜோதி வைத்த விரலை எடுக்கவே இல்லை. போன் அடங்கிப்போன பிறகுதான் விரலடியில் மெல்லக் கிர்ரென்றது. கொஞ்ச நேரத்தில் நன்றாகவே ஓடியது. தியேட்டரிலிருந்து வந்த டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு ஊசி போடச் சொன்னார்.

போனை எடுத்துப் பார்த்தாள். வேறு ஆளை எடுத்தாகிவிட்டது என்று ஏஜென்ட் செய்தி அனுப்பியிருந்தான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கிளவுஸை மாட்டிக்கொண்டு ஊசியை ஏற்றினாள்.

“வியாழக்கெழமையும் நீங்கதான சிஸ்டர் இருப்பீங்க?” என்று ராசாங்கம் கேட்டார்.

“இருப்பேங்கண்ணே. வேற எங்க போவப்போறேன்.”

கண்ணில் முட்டியதை, கிளவுஸ் போட்ட கையால் துடைக்கவும் முடியவில்லை.