மூக்கைப் பொத்தாதவள்

முன்னறையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த உமைமாவின் கை அப்படியே நின்றது. வந்திருப்பது யார் என்று அவளைப் பெற்ற அம்மி வந்து சொல்ல வேண்டியதில்லை. அது செண்பகத்தின் இருமல். சொல்லப்போனால், உமைமா கொடுத்த இருமல்.

ஆம்பூரில், தோல் பதனிடும் ஒரு டேனரியின் பின்சுவரை ஒட்டிய இந்த வீட்டில்தான் உமைமா பிறந்தாள். தோலிலிருந்து முடியை உதிர்க்க, சுண்ணாம்பும் மருந்தும் கலந்து ஊறவைக்கும் தொட்டிகள் சுவருக்கு அந்தப் பக்கம். அழுகிய முட்டை நாற்றம் ராப்பகலாக வரும். அவளுடைய தகப்பனார் வக்கார் அகமது அங்கேதான் வேலை பார்த்தார். சின்ன வயதில் ஒருமுறை அவர் வீட்டுக்குள் வந்ததும் அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவர் திட்டவில்லை. அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் மூக்கைப் பொத்தியதே இல்லை. சோளிங்கரிலிருந்து வரும் விருந்தாளிகள் கைக்குட்டையைத் தேடும்போது தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரிப்பாள். நாளாக நாளாக அந்த வாசனையே அவளுக்குத் தெரியாமல் போனது.

படித்தாள். வேலூர் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைத்தது. செவ்வாய் மாதிரி இன்னொரு கிரகத்தில் மனிதர் குடியிருக்க ஒரு வீடு கட்டிப் பார்க்கிற இடம் அது. நம் வீட்டில் குழம்பு தீய்ந்தால் ஜன்னலைத் திறந்துவிடுகிறோம். அங்கே ஜன்னலைத் திறந்தால் உயிர் இருக்காது. உள்ளே அடைத்து வைத்த காற்றுதான் உலகம். குளித்த தண்ணீரையே சுத்தம் செய்து குடிக்க வேண்டும். விட்ட மூச்சைச் செடிகள் திருப்பித் தர வேண்டும். அப்படி ஒரு வீட்டில் உமைமாவும் கலவை ஊர்க்காரி செண்பகமும் வாரக்கணக்கில் பூட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னிவிட்டு, கூடப்பிறந்தவர்கள் போல இருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் கழிவுத் தண்ணீர்த் தொட்டிக்குக் காற்று ஊதும் பம்பு நின்றுபோனது. காற்றைச் சோதிக்கும் கருவியும் ஈரத்தில் கெட்டிருந்தது. இரண்டுமே அவர்களுக்குத் தெரியாது. செண்பகம்தான் முதலில் முகம் சுளித்தாள். முட்டை நாற்றம் அடிக்கிறது, வெளியே ஃபோனில் இருப்பவர்களிடம் கதவைத் திறக்கச் சொல்லலாம் என்றாள். கதவைத் திறந்தால் அத்தனை வாரப் பாடும் வீண். உமைமா காற்றை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சிரித்தாள்.

"கலவைக்காரிக்கு நாத்தம் கொஞ்சம் ஜாஸ்தியானா கதவ தொறக்கணும். செவ்வாய்ல எந்தக் கதவ தொறப்பே?"

செண்பகம் தானே தொட்டியைப் பார்க்கப் போனாள். குனிந்தவள், அதில் தேங்கிய விஷவாயு தாக்கி, எழுந்திருக்கவே இல்லை. உமைமா அவளை இழுத்து வந்து கதவைத் தட்டிய தட்டு இன்னும் அவள் உள்ளங்கையில் வலிக்கிறது. செண்பகம் பிழைத்தாள். நெஞ்சில் மட்டும் அந்த இருமல் தங்கிவிட்டது. விசாரணையில் கருவிதான் குற்றவாளி என்று முடிவானது. உமைமாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அவள் கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

இப்போது அடுத்த சோதனை வருகிறது. வீட்டை அறிந்த அதே இரண்டு பேரை அனுப்புவதாகப் பேச்சு. செண்பகம் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். உமைமாவுக்கும் போக ஆசைதான். தவறிய இடத்திலேயே செண்பகத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றித் திரும்ப வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மி நசீமுன்னிசா செண்பகத்தின் கையைப் பிடித்து, இளைத்துவிட்டாய் என்று கடிந்துகொண்டு, பிஸ்கட் வாங்கத் தெருவுக்குப் போனாள். இருவரும் தனியானதும், எத்தனையோ நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை உமைமா கொட்டிவிட்டாள்.

"என் மூக்கு செத்த மூக்கு, செண்பகம். இந்தத் தெருவுல வளந்த மூக்கு. அன்னிக்கு எனக்கு நெஜமா ஒண்ணுமே வரல. என்ன மன்னிச்சுடு."

செண்பகம் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"உனக்கு வரலன்றது எனக்குத் தெரியும். அதுல இன்னா தப்பு? எனக்கு வந்துச்சே. வருதுன்னு சொன்னேனே. நீ சிரிச்சே."

உமைமா தலை குனிந்தாள். இத்தனை மாதமாக மூக்கின்மேல் போட்டிருந்த பழி அவள் மடியில் வந்து விழுந்தது.

"அடுத்த தடவ உன்கூட வரமாட்டேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்," என்றாள் செண்பகம். "அவங்க சொல்லி உனக்குத் தெரிய வேணாம்னுதான் பஸ் ஏறி வந்தேன்."

கண்ணீர் முட்டியது. அழுதால் செண்பகம் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அது இன்னொரு பாவம் என்று உமைமா அடக்கிக்கொண்டாள்.

"வெளியில ஃபோன்கிட்டயாவது நான் இருக்கட்டுமா? நீ நாத்தம்னு ஒரு வார்த்த சொன்னா போதும். யாரையும் கேக்காம தொறந்துடுவேன்."

 செண்பகம் இருமிக்கொண்டே எழுந்து செருப்பை மாட்டினாள்.

"பாக்கலாம் உமைமா. அம்மாகிட்ட சொல்லிடு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு."

தெருவில் இறங்கியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். உமைமா அவள் முனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.